மூட்டு மாத்திரை தொடங்குமுன்: குளுக்கோசமைன் பற்றிப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாடிப்படி இறங்கும்போது முட்டி பிடிக்கிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். பக்கத்து வீட்டு அக்கா முதல் மருந்துக் கடைத் தம்பி வரை ஒரே பதில்தான் வரும்: "குளுக்கோசமைன் சாப்பிடுங்க, முட்டியில கிரீஸ் ஊறும்." அடுத்த நாளே ஓர் அட்டை மாத்திரை வீட்டுக்கு வந்துவிடும். அதை யார் சாப்பிடலாம், யார் தொடக்கூடாது, எத்தனை நாள் பார்ப்பது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அட்டையோடு வருவதில்லை. அந்த விவரங்களைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப் போகிறேன்.

மருத்துவரைப் பார்ப்பதற்கு மாற்றாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் ஐந்து நிமிடச் சந்திப்பிலும் வேண்டிய பதில் கிடைக்கும்.

மாத்திரைக்குள் என்ன இருக்கிறது?

குளுக்கோசமைன் என்பது நம் உடம்பே தயாரிக்கும் ஒரு அமினோ சர்க்கரை. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கும், மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவத்துக்கும் அது மூலப்பொருள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. பூஞ்சையிலிருந்தோ சோளத்தை நொதிக்கவைத்தோ எடுக்கும் சைவ வகையும் உண்டு. இதன் கூடவே அடிக்கடி வரும் காண்ட்ராய்டின், மாடு, பன்றி, சுறா போன்றவற்றின் குருத்தெலும்பிலிருந்து கிடைக்கிறது. சைவம் சாப்பிடுகிறவர்கள், மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ தவிர்க்கிறவர்கள் வாங்குமுன் இதைக் கவனிக்க வேண்டும். கடைக்காரருக்கே பல நேரம் தெரிந்திருக்காது.

மூலப்பொருளை வாய்வழியாகக் கொடுத்தால் தேய்ந்த இடத்தில் போய்ப் படிந்துகொள்ளும் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விழுங்கியது குடலையும் கல்லீரலையும் தாண்டி முட்டிக்குப் போய்ச் சேரும்போது மிஞ்சுவது மிகக் கொஞ்சம். தேய்ந்துபோன குருத்தெலும்பு இதனால் திரும்ப வளரும் என்று யாராவது உறுதி சொன்னால், அந்தக் கடையில் வேறு எதையும் வாங்காமல் வந்துவிடுங்கள்.

வேலை செய்கிறதா, இல்லையா?

2001இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வுதான் இந்த மாத்திரைக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது. முட்டித் தேய்மானம் உள்ள 212 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். தினம் 1,500 மி.கி. குளுக்கோசமைன் சல்பேட் சாப்பிட்டவர்களுக்கு எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி குறிப்பிடும்படி குறையவில்லை, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது. மருந்தைத் தயாரித்த நிறுவனத்தின் ஆதரவோடு நடந்த ஆய்வு அது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அப்புறம் அமெரிக்க அரசுப் பணத்தில், 1,583 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2006இல் முடிவு வெளிவந்தது. ஆறு மாதம் சாப்பிட்ட பிறகு வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்ததா என்று பார்த்தார்கள். குளுக்கோசமைனும் காண்ட்ராய்டினும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் சுமார் 67 சதவீதம் பேருக்குக் குறைந்தது. பிரமாதம் என்று தோன்றும். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் எத்தனை பேருக்குக் குறைந்தது தெரியுமா? 60 சதவீதம்! இந்தச் சிறு வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதால் பயன் நிரூபணமாகவில்லை. வலி கடுமையாக இருந்த ஒரு சிறு குழுவுக்கு மட்டும் கூட்டு மாத்திரை நன்றாக வேலை செய்ததுபோல் தெரிந்தது. அதே ஆய்வை இரண்டு ஆண்டுகள் வரை நீட்டிப் பார்த்தபோது அந்த நம்பிக்கையும் உறுதிப்படவில்லை.

அந்த 60 சதவீதம் என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "எனக்குக் கேட்டுச்சு, நீங்களும் சாப்பிடுங்க" என்று உங்களிடம் சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு வலி குறைந்தது உண்மை. முட்டித் தேய்மான வலி ஏறி இறங்கும் வலி. அது உச்சத்தில் இருக்கும்போதுதான் மாத்திரை வாங்குகிறோம், அதன்பின் தானாகவே கொஞ்சம் இறங்குகிறது, பெயர் மாத்திரைக்குப் போகிறது.

மருத்துவ அமைப்புகளும் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் அமைப்பு 2019 வழிகாட்டுதலில் முட்டிக்கும் இடுப்புக்கும் குளுக்கோசமைன் வேண்டாம் என்று அழுத்தமாகவே சொன்னது. கை விரல் மூட்டுகளுக்கு மட்டும் காண்ட்ராய்டினுக்கு அரைகுறைச் சம்மதம் கொடுத்தது. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பும் 2022இல் கொடுக்க வேண்டாம் என்றது. ஐரோப்பாவில் இன்னொரு நிபுணர் குழு, மருந்துத் தரத்தில் தயாரான குளுக்கோசமைன் சல்பேட்டை முதற்கட்டச் சிகிச்சையிலேயே பரிந்துரைக்கிறது. அங்கே சில நாடுகளில் அது மருத்துவர் சீட்டோடு வாங்கும் மருந்து, தரக் கட்டுப்பாடும் அதற்கேற்ப இருக்கும்.

என் அபிப்பிராயம் இதுதான்: வேறு நோய் எதுவும் குறுக்கே இல்லை, பணமும் பாரமாக இல்லை என்றால் மூன்று மாதம் முயன்று பார்ப்பதில் பெரிய தவறில்லை. வருடக்கணக்கில் கேள்வி கேட்காமல் விழுங்கிக்கொண்டிருப்பதுதான் தவறு.

படி 1: உங்கள் வலி எந்த வலி?

இந்த மாத்திரைக்கு ஏதாவது பொருத்தம் இருந்தால் அது மூட்டுத் தேய்மானத்துக்கு மட்டும்தான். தேய்மான வலி மெதுவாக, மாதக்கணக்கில் வரும். நடந்தால், படி ஏறி இறங்கினால் கூடும், உட்கார்ந்தால் குறையும். காலையில் எழுந்ததும் இருக்கும் விறைப்பு அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும்.

விறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கிறது, இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்குகின்றன என்றால் அது முடக்கு வாதமாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்துகள் உண்டு, தாமதிக்கத் தாமதிக்க மூட்டு கெடும். நள்ளிரவில் கால் பெருவிரல் திடீரென்று சிவந்து, போர்வை பட்டால்கூடத் தாங்கவில்லை என்றால் யூரிக் அமிலத்தைச் சந்தேகிக்க வேண்டும். சிக்குன்குனியா வந்து போனபின் மாதக்கணக்கில் நீடிக்கும் மூட்டு வலி நம் ஊரில் பலருக்கும் பழக்கம், அதுவும் தேய்மானம் அல்ல. ஒரே ஒரு மூட்டு சூடாகச் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அது மூட்டுக்குள் கிருமி புகுந்ததாக இருக்கலாம், அங்கே நாள் கடத்துவது ஆபத்து.

விழுந்து அடிபட்டு "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்று சொல்லப்பட்டவர்களுக்கும் இந்த மாத்திரை எதையும் ஒட்டவைக்காது.

படி 2: ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளை ஒரு தாளில் எழுதுங்கள்

நல்ல உடல்நிலையில் உள்ளவருக்குக் குளுக்கோசமைனால் வரும் தொல்லை சாதாரணமானது: வயிற்று எரிச்சல், குமட்டல், வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல், சிலருக்குத் தலைவலி. சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். சிக்கல் வேறு மருந்துகளோடு சேரும்போதுதான் தொடங்குகிறது. அதனால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

முதலாவதும் முக்கியமானதும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள். செயற்கை இதய வால்வு பொருத்தியவர்கள், கால் இரத்தக் குழாயில் இரத்தக்கட்டி வந்தவர்கள் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் சாப்பிடுவார்கள். வார்ஃபரினோடு குளுக்கோசமைன் சேர்ந்தபோது ஐ.என்.ஆர், அதாவது இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவு, ஏறிய நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. அளவு ஏறினால் இரத்தக்கசிவு. பல் துலக்கும்போது ஈறில் இரத்தம், காரணமில்லாமல் தோலில் கருநீலத் திட்டு, கறுப்பாக மலம் போவது எல்லாம் அதன் அறிகுறிகள். இந்த மருந்து சாப்பிடுகிறவர்கள் குளுக்கோசமைனைத் தவிர்ப்பதே நல்லது என்பேன். நிச்சயமில்லாத ஒரு பயனுக்காக வால்வைப் பணயம் வைப்பதில் அர்த்தமில்லை. ஏற்கெனவே தொடங்கிவிட்டவர்கள் மருத்துவரிடம் சொல்லி ஐ.என்.ஆர் பார்த்துவிடுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்களும் தொடங்குமுன் மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் பயப்படுவது, பெயரிலேயே குளுக்கோஸ் ஒட்டிக்கொண்டிருப்பதால். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களை வைத்து மூன்று மாதம் நடந்த ஓர் ஆய்வில் எச்.பி.ஏ.1.சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு, மாறவில்லை. இருந்தாலும் முதல் சில வாரங்கள் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு முறை கூடுதலாகச் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கலக்கும் பவுடர் பாக்கெட் வாங்கினால் அதில் சேர்த்திருக்கும் சர்க்கரையையும் பாருங்கள். சில நேரம் மாத்திரையைவிட அதுதான் பெரிய பிரச்சினை.

கண் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2013இல் வெளியான 17 பேர் கொண்ட ஒரு சிறு ஆய்வில், குளுக்கோசமைன் சாப்பிட்டபோது கண் அழுத்தம் கூடி, நிறுத்தியபின் இறங்கியது தெரிந்தது. சிறு ஆய்வுதான், ஆனால் கண் விஷயம். கண் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், ஒரு மாதத்தில் அழுத்தம் பாருங்கள்.

இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் சதையில் இருக்கிறது, மாத்திரை தயாராவது ஓட்டிலிருந்து. சிறிய ஆய்வுகளில் ஒவ்வாமைக்காரர்கள் பெரும்பாலும் பிரச்சினையில்லாமல் சாப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் சுத்திகரிப்பு எப்படி நடந்தது என்று அட்டையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இறால் சாப்பிட்டு மூச்சு முட்டி மருத்துவமனைக்குப் போன அனுபவம் உள்ளவர், சைவ வகையைத் தேடட்டும் அல்லது விட்டுவிடட்டும்.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் தவிர்க்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பானது என்று சொல்லப் போதிய தரவு இல்லை. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் அந்த மருத்துவரிடம் கேட்காமல் எந்தத் துணை மாத்திரையும் தொடக்கூடாது. அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் சொல்லுங்கள், பொதுவாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று மருத்துவர் கேட்கும்போது "வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லிப் பழகிவிட்டோம். சத்து மாத்திரையும் மாத்திரைதான், கணக்கில் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

படி 3: அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கத்தில் ஓடுகிற மனிதரின் படமும் சிவப்பு வட்டம் போட்ட முட்டியும் இருக்கும். விஷயம் எல்லாம் பின்பக்கத்தில், எறும்பு எழுத்தில். கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தேட வேண்டிய சொல்: டயசெரின். இந்தியாவில் பல மூட்டு மாத்திரைகளில் குளுக்கோசமைனோடு 50 மி.கி. டயசெரின் சேர்ந்திருக்கும். அது சத்துப்பொருள் கிடையாது, மருந்து. கடுமையான வயிற்றுப்போக்கும் கல்லீரல் பாதிப்பும் வரக்கூடும் என்பதால் 2014இல் ஐரோப்பிய மருந்து முகமை அதற்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை, கல்லீரல் நோய் உள்ளவர்களுக்குக் கூடாது, தொடங்கும்போது பாதி அளவில்தான் தொடங்க வேண்டும், வயிற்றுப்போக்கு வந்ததுமே நிறுத்த வேண்டும் என்பவை அவற்றில் சில. நம் வீடுகளில் இதை அதிகம் சாப்பிடுவதோ 65ஐத் தாண்டிய அப்பாக்களும் அம்மாக்களும்தான். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவது இந்த மருந்தால் வரும் நிறமாற்றம், அதைக் கண்டு பதற வேண்டாம். ஆனால் நாளுக்கு நாலைந்து முறை தண்ணீராகப் போனால் அதை "நேற்று சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஒதுக்காதீர்கள். வயதானவர்களுக்கு உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகம் வரை பாதிக்கும். மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் டயசெரின் கலந்த மாத்திரையை வாங்கவே வேண்டாம்.

அடுத்தது எந்த உப்பு என்பது. குளுக்கோசமைன் சல்பேட் காற்றுப் பட்டால் கசிந்துவிடும் பொருள், அதனால் அதோடு பொட்டாசியம் குளோரைடோ சோடியம் குளோரைடோ சேர்த்து நிலைப்படுத்துவார்கள். இங்கே கிடைப்பதில் பொட்டாசியம் குளோரைடு சேர்ந்ததே அதிகம். அதில் 1,500 மி.கி. எடுத்தால் சுமார் 190 மி.கி. பொட்டாசியம் உள்ளே போகிறது, ஏறத்தாழ அரை வாழைப்பழ அளவு. சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு இது ஒன்றுமே இல்லை. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாமல் இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறி, வாழைப்பழமும் இளநீரும் வேண்டாம் என்று சொல்லப்பட்டவருக்கு இது கணக்கு. டெல்மிசார்ட்டான், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறவர்களுக்குப் பொட்டாசியம் தேங்க வாய்ப்பு உண்டு என்பதால் அவர்களும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சோடியம் வகையில் நாளுக்கு சுமார் 150 மி.கி. சோடியம் சேரும். இரத்த அழுத்தத்துக்காகவோ இதய நோய்க்காகவோ உப்பைக் குறைத்தவர்கள் கவனிக்கலாம்.

இன்னொரு சூட்சுமம். ஆய்வுகளில் பயன்படுத்திய 1,500 மி.கி. என்பது குளுக்கோசமைன் சல்பேட்டின் எடை. அட்டையில் "குளுக்கோசமைன் சல்பேட் பொட்டாசியம் குளோரைடு 1,500 மி.கி." என்று போட்டிருந்தால் உப்பும் அந்த எடைக்குள் அடக்கம். உண்மையான சல்பேட் 1,130 மி.கி. அளவுதான் தேறும். ஹைட்ரோகுளோரைடு என்று இருந்தால் அது வேறு வகை. மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில் பயன் தராமல் போனது அந்த வகைதான் என்று சல்பேட் ஆதரவாளர்கள் வாதாடுவார்கள். காண்ட்ராய்டின் சேர்ந்திருந்தால் நாளுக்கு 800 முதல் 1,200 மி.கி. வரை என்பது ஆய்வுகளின் அளவு. பத்துப் பன்னிரண்டு பொருள்களைத் தூவி, காண்ட்ராய்டின் 50 மி.கி. என்று போட்டிருக்கும் மாத்திரை வெறும் அலங்காரம்.

உணவுத் துணைப்பொருளாக விற்பதில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எப்.எஸ்.எஸ்.ஏ.ஐயின் முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை எப்.எஸ்.எஸ்.ஏ.ஐயின் இணையதளத்தில் போட்டு உரிமம் யாருடையது என்று பார்க்கலாம். சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம், பச்சை வட்டம் இருந்தால் சைவம். உள்ளே இருக்கும் பொருள் சைவமாக இருந்து, கேப்சூல் கூடு ஜெலட்டினால் ஆனதாக இருப்பதும் உண்டு.

படி 4: எதை வாங்கவே கூடாது

"மூணே நாளில் வலி பறந்துவிடும்" என்று சொல்லப்படும் எதையும் வாங்காதீர்கள். குளுக்கோசமைன் மூன்று நாளில் வேலை செய்யாது, செய்யவும் முடியாது. ஒரு மூட்டு மாத்திரை அவ்வளவு வேகமாக வலியைப் போக்கினால் அதற்குள் சொல்லாமல் வேறு எதையோ வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும்.

2022இல் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். ஆர்ட்ரி கிங் என்ற பெயரில் குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் கலந்த மூட்டு மாத்திரை என்று இணையக் கடைகளிலும் சிறு கடைகளிலும் விற்றார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சோதித்தபோது அதில் அட்டையில் குறிப்பிடாத டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணியும், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் இருந்தன. சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்தது, மரணமும் பதிவானது. மாதக்கணக்கில் சாப்பிட்ட பலருக்கு உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதையே குறைத்துக்கொண்டது. அப்படிப்பட்டவர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலும் உயிருக்கே ஆபத்து என்பதால், மருத்துவரைப் பார்த்துப் படிப்படியாக நிறுத்தும்படி அந்த நிர்வாகம் எச்சரித்தது.

பெயர் இல்லாத பாக்கெட்டில் கட்டிக் கொடுக்கும் மூட்டு வலிப் பொடிக்கும் இது பொருந்தும். சாப்பிடத் தொடங்கிய சில வாரங்களில் முகம் உருண்டையாகிறது, பசி அதிகமாகிறது, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் எகிறுகின்றன, தொட்டால் தோலில் கன்றிப்போகிறது என்றால் ஸ்டீராய்டைச் சந்தேகியுங்கள். மிச்சப் பொடியைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.

கூடவே விற்கப்படும் மற்றவை பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் சாற்றுக் கேப்சூல்களை, குறிப்பாக மிளகுச் சத்து சேர்த்து உறிஞ்சுதலைக் கூட்டியவற்றைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் எச்சரிக்கை விடுத்தது. குழம்பில் போடும் மஞ்சளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கொலாஜன் பவுடருக்கான ஆதாரம் இன்னும் மெலிது. பிரண்டைத் துவையலும் முடக்கத்தான் தோசையும் சாப்பாடாக நன்றாக இருக்கும், தாராளமாகச் சாப்பிடுங்கள்.

படி 5: அளந்துவிட்டுத் தொடங்குங்கள்

மாத்திரையைப் பிரிக்குமுன் ஒரு வாரம் ஒதுக்கி இப்போதைய நிலையைக் குறித்து வையுங்கள். நாட்காட்டித் தாளின் ஓரம் போதும். தினமும் இரவு, அன்றைய வலிக்கு 0 முதல் 10 வரை ஓர் எண். அதோடு உங்கள் வாழ்க்கையிலிருந்து இரண்டு வேலைகளைத் தேர்ந்தெடுங்கள்: கோயில் படி எத்தனை ஏறியதும் நிற்க வேண்டியிருக்கிறது, தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடிகிறதா, பேருந்து நிறுத்தம் வரை நிற்காமல் போக முடிகிறதா, இப்படி ஏதாவது. வாரத்துக்கு எத்தனை வலி மாத்திரை விழுங்குகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். இந்தக் கடைசிக் கணக்கை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகைகளை நாள்தோறும் சாப்பிடுவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். குளுக்கோசமைன் எடுத்ததால் அந்த எண்ணிக்கை உண்மையிலேயே குறைந்தால் அது லாபம்.

அளவு, நாளுக்கு 1,500 மி.கி. ஒரே வேளையாகவோ, 750 வீதம் இரண்டு வேளையாகவோ, சாப்பாட்டுக்குப் பின். கூடுதலாகச் சாப்பிட்டால் கூடுதலாகக் கேட்கும் என்பதற்கு ஆதாரமில்லை. ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரட்டிப்பாக்க வேண்டாம். மாத்திரை பெரியது, வயதானவர்கள் உட்கார்ந்து, ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். படுத்துக்கொண்டே விழுங்கினால் தொண்டையில் சிக்கும். ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

ஒரே நேரத்தில் புதிய எண்ணெய், புதிய பொடி, புதிய மாத்திரை மூன்றையும் தொடங்காதீர்கள். எது கேட்டது, எது கெடுத்தது என்று பின்னால் கண்டுபிடிக்க முடியாது.

செலவையும் தொடக்கத்திலேயே போட்டுப் பாருங்கள். பத்து மாத்திரை அட்டை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு இரண்டு என்றால் மாதம் 1,200, மூன்று மாதத்துக்கு 3,600 ரூபாய். அதே பணத்தில் இயன்முறை மருத்துவரிடம் சில முறை போய்த் தொடைத் தசைப் பயிற்சியைச் சரியாகக் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பல ஊர்களில் முடியும். ஒன்றைத்தான் வாங்க முடியும் என்ற நிலையில் நான் பயிற்சியைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன், ஏனென்றால் முட்டித் தேய்மானத்துக்குப் பயிற்சி உதவும் என்பதில் மேலே சொன்ன அமைப்புகளுக்குள் சண்டையே இல்லை.

இரண்டும் சேர்ந்தும் நடக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணி இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். கொஞ்சம் பழகியபின் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி. செய்யும்போது லேசாக வலிப்பது சகஜம், மறுநாள் காலை வரை வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டி தாங்கும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. பயிற்சியும் மாத்திரையும் ஒரே நாளில் தொடங்கினால் எது வேலை செய்தது என்ற குழப்பம் வரும் என்பதால், முடிந்தால் பயிற்சியை ஒரு மாதம் முன்னதாகவே ஆரம்பித்துவிடுங்கள். அதிலேயே வலி அடங்கி மாத்திரை தேவைப்படாமல் போகிறவர்களும் உண்டு.

படி 6: மூன்று மாதம் கழித்து

முதல் இரண்டு மூன்று வாரத்தில் எதுவும் தெரியாது, அதற்காக நிறுத்த வேண்டாம். ஆனால் தோலில் தடிப்பு, முகம் உதடு வீக்கம், மூச்சுத் திணறல், கண்ணில் மஞ்சள், கறுப்பு மலம், நிற்காத வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மூச்சு திணறினால் நேராக அவசரப் பிரிவுக்கு.

மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி ஒரு வாரம் அதே எண்களைக் குறித்துப் பழைய தாளோடு ஒப்பிடுங்கள். சராசரி வலி 6லிருந்து 5க்கு வந்திருந்தால் அது நல்ல வாரம் கெட்ட வார வித்தியாசமாகவே இருக்கலாம். 6லிருந்து 3க்கு வந்து, வலி மாத்திரையும் பாதியாகி, படியும் ஏற முடிகிறது என்றால் ஏதோ நடந்திருக்கிறது. அப்போதும் ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். குளுக்கோசமைனை ஒரே நாளில் நிறுத்தலாம், படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. நிறுத்தியும் வலி கூடவில்லை என்றால் மாத்திரை தேவையில்லை. கூடினால் திரும்பத் தொடங்கிக்கொள்ளலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே மாதிரி நிறுத்திப் பார்க்கலாம். எண்களில் மாற்றமே இல்லை என்றால் "இன்னும் மூணு மாசம் பாருங்க" என்ற யோசனைக்கு இடம் கொடுக்காமல் விட்டுவிடுங்கள்.

மாத்திரையால் பாதிப்பு வந்ததாகச் சந்தேகம் இருந்தால் அட்டையையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள், தொகுதி எண் அதில்தான் இருக்கும். இந்திய மருந்தியல் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியோ வீட்டாரோ நேரடியாகவே தெரிவிக்கலாம். உணவுத் துணைப்பொருளின் தரம், போலி அட்டை, அட்டையில் இல்லாத கலப்பு பற்றிய புகாரை எப்.எஸ்.எஸ்.ஏ.ஐயின் புட் சேஃப்டி கனெக்ட் செயலியிலோ மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலோ கொடுக்கலாம்.